ஒரு சொட்டுகூட இல்லை

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன மனிதன் அந்த வீட்டில் ஒரு பொருளைத் தன்னுடையது என்று சொல்ல ஆசைப்பட்டால், அது வேறு யாருக்கும் வேண்டாத பொருளாக இருக்க வேண்டும். கண்ணாடிக்காரருக்கு அப்படி அமைந்தது மாமனாரின் பழைய கார்.

கண்ணாடிக்காரர் என்பது அந்த வீட்டார் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவருக்கு. கல்யாணமான புதிதில் வாய் நிறைய மாப்பிள்ளை என்றவர்கள், அவர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு இங்கே மாடி அறைக்கு வந்து சேர்ந்ததும், முகத்துக்கு நேரே மாப்பிள்ளை என்றும் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் என்றும் பிரித்துக்கொண்டார்கள். அது அவர் காதில் விழத்தான் செய்தது. விழாததுபோல் இருந்துவிட்டார். அந்த மாடி அறைக்கு அவர் கொடுத்த வாடகை அதுதான்.

கார் நல்ல கார். உருண்டை விளக்குகள், கனத்த கதவுகள், வெளிறிப்போன நீலம். மாமனார் இளவயதில் வாங்கி ஆசை தீர ஓட்டிவிட்டு, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தியிருந்தார். நிறுத்தக் காரணம் ஒழுக்கு. நின்றாலும் ஒழுகும், ஓடினாலும் ஒழுகும். ஷெட்டின் சிமென்ட் தரை கறுப்பேறிக் கிடந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் சாக்கில் செருப்பைத் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஒழுக்கு விஷயத்தில் மாமனாருக்கு ஒரே கொள்கை. "ஒழுகுதா? இறுக்கு." குழாய் சொட்டினாலும் இறுக்கு, கார் சொட்டினாலும் இறுக்கு, பெற்ற பிள்ளைகள் எதிர்த்துப் பேசினாலும் இறுக்கு. இன்ஜினில் கைக்கு எட்டிய நட்டு எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. மகள் அந்த இறுக்கத்தில் வாயில்லாப் பூச்சியாக வளர்ந்தாள். மகன் நைசாக நழுவி வேறு ஊருக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டான். நழுவியவன் மேல்தான் தகப்பனுக்குப் பாசம் பொங்கும். கூடவே இருந்து சோறு போடுகிறவளை யார் கண்டுகொள்கிறார்கள்?

அந்த மகன் ஒரு தடவை வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் காரைப் பற்றிக் கிண்டல் செய்தான். "காயலான் கடையில போட்டுட்டு அந்த இடத்துல நாலு பூந்தொட்டி வைங்கப்பா. பாக்கவாவது நல்லா இருக்கும்."

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிக்காதேடா. இந்த ஒழுக்கை எவன் நிறுத்துறானோ வண்டி அவனுக்கு. அவன் பேருக்கே மாத்திக் குடுத்துடறேன்."

"எனக்கு வேண்டாம்ப்பா. அத்தானுக்குக் குடுங்க. அவருக்குத்தான் பொழுது போகாம இருக்கு."

மாமனார் மருமகன் பக்கம் திரும்பினார். "என்ன மாப்பிள்ளே, முடியுமா உங்களால?"

"பாக்கறேன் மாமா" என்றார் கண்ணாடிக்காரர். அந்த வீட்டில் அவரைப் பார்த்து முடியுமா என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. முடியாது என்று அவர்களே முடிவுகட்டி வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து கடை விட்டு வந்ததும் ஷெட்டுதான். முதலில் எதையும் கழற்றவில்லை, இறுக்கவும் இல்லை. மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துக்கொண்டு இன்ஜினைக் குளிப்பாட்டினார். பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு அப்பம் அப்பமாகப் பெயர்ந்து வந்தது. துடைத்துக் காயவைத்து, மனைவியின் முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்து இன்ஜின் முழுக்கத் தூவினார். அவள் டப்பாவைத் தேடி ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, கல்யாணத்தன்று தனக்குக்கூட இவ்வளவு பவுடர் போடவில்லை என்றாள். அபூர்வமாக ஜோக்கடிப்பாள். அடித்துவிட்டு அப்பா கேட்டுவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

பவுடர் போட்ட இன்ஜினை ஓடவிட்டால், எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே வெள்ளையில் கோடு விழும். காருக்கு அடியில் வெள்ளை அட்டைகளைப் பரப்பிவைத்தார். கடையில் லென்ஸ் வந்த பெட்டிகளைப் பிரித்து எடுத்த அட்டைகள். எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டுகிறது என்று அட்டை காட்டிக்கொடுத்துவிடும். பச்சை என்றால் ரேடியேட்டர் தண்ணீர். கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். கைக்கண்ணாடி ஒன்றைக் குச்சியில் கட்டி இன்ஜினின் பின்பக்க மூலைகளைக்கூட எட்டிப் பார்த்தார்.

பச்சை சுலபமாக அகப்பட்டது. ரேடியேட்டரின் மேல் குழாயைப் பிடித்திருந்த வளையத்தை மாமனார் இறுக்கி இறுக்கி, அது ரப்பரையே அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. புதுக் குழாயும் புது வளையமும் போட்டதும் நின்றது.

கறுப்புதான் ஆட்டம் காட்டியது. ஆயில் சொட்டிய இடம் இன்ஜினின் அடித்தட்டு. அதனால் எந்த மெக்கானிக் வந்தாலும் அடித்தட்டைக் கழற்றி, இடுக்கை அடைக்கிற கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டு, கூலி வாங்கிக்கொண்டு போனான். மறுவாரமே மறுபடி ஒழுகியது. பவுடரில் விழுந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்காரர் கீழிருந்து மேலே போனார். கோடு இன்ஜினின் உச்சியில், வால்வுகளை மூடியிருந்த தகர மூடியின் பின்மூலையில் போய் முடிந்தது. மேலே கசிந்து, பக்கவாட்டில் வழிந்து, கீழே சொட்டியிருக்கிறது. பழியைச் சுமந்தது மட்டும் அடித்தட்டு. அதைப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, அந்த அடித்தட்டின் மேல் ஒரு பரிவும் வந்தது.

மூடியைக் கழற்றிக் கல்மேல் வைத்துப் பார்த்தால், நாலு மூலையும் வளைந்து ஆடியது. இதுவும் மாமனாரின் கைங்கரியம். ஒழுக ஒழுக இறுக்கியிருக்கிறார், இறுக்க இறுக்கத் தகரம் வளைந்திருக்கிறது, வளைய வளைய அதிகமாக ஒழுகியிருக்கிறது. இதை அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டி விளிம்பை நேராக்கினார். லென்ஸ் உடையாமல் சட்டத்தில் உட்காரவைக்கிற கை அது, அவசரப்படாது. புது கார்க் கேஸ்கட்டை வைத்து, இரண்டே விரலால் ஸ்பேனரைப் பிடித்து, உட்கார்ந்ததும் நிறுத்திவிட்டார். அடித்தட்டில் ஆயிலை இறக்குகிற நட்டுக்கும் புது வாஷர் போட்டு அளவாகவே முடுக்கினார்.

அட்டைகள் வெள்ளையாகவே கிடக்க ஆரம்பித்தன. தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, இன்ஜின் அறையின் உட்சுவரில் உப்பியிருந்த பெயின்ட்டைச் சுரண்டி நீலம் அடித்து, மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். கிழவர் குனிந்து அட்டையை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஒண்ணுமே இல்லையே!"

"ஒரு சொட்டுகூட இல்லை மாமா."

"பரவாயில்லை மாப்பிள்ளே. சொன்ன சொல் சொன்ன சொல்தான். அடுத்த வாரம் உங்க பேருக்கு மாத்திடுவோம்."

அன்று இரவு கண்ணாடிக்காரர் கூடுதலாகக் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி பரிமாறிக்கொண்டே, "எங்க அப்பா யாரையும் பரவாயில்லைன்னு சொல்லி நான் கேட்டதில்லைங்க" என்றாள். இரண்டு பேரும் கடலோரம் வரை காரில் போய்வருவது என்று முடிவாயிற்று. அவள் முன்சீட்டில் உட்காரவேண்டும், ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிடவேண்டும். திட்டம் அவ்வளவுதான். அந்தத் திட்டத்தில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இரண்டு நாள் கழித்து காரின் முன்மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புதிதாக அடித்த நீலப் பெயின்ட் மறுபடி உப்பியிருந்தது. சரியாக, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே. பிரேக் ஆயிலுக்குத்தான் பெயின்ட்டைத் தின்கிற குணம் உண்டு. சிலிண்டர் முன்பும் கசிந்துதான் இருக்கிறது. கார் நிறுத்தியே கிடந்ததாலும், பிரேக் ஆயிலுக்கு நிறம் இல்லாததாலும், பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே அது தப்பித்திருக்கிறது. காருக்குள்ளே பிரேக் பெடலுக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். விரிப்பு ஈரமாக இருந்தது. அந்தக் காலத்து வண்டி. நாலு சக்கரத்துப் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே சிலிண்டர். அது கைவிட்டால், தேய்ந்துபோன கைபிரேக்கைத் தவிரப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் கிடையாது. வீட்டு வாசலிலிருந்து தெரு நேராகச் சரிந்து, லாரிகள் போகிற பெரிய சாலையில் போய் விழுகிறது.

உடனே மாமனாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை என்று மார்தட்டிய வாய், இன்னொரு ஒழுக்கு இருக்கிறது என்று எப்படிச் சொல்லும்? சொன்னால் கார் கைக்கு வராது. உதிரிபாகக் கடையில் சிலிண்டருக்கான ரப்பர்களைச் சொல்லிவைத்தார். ஒரு வாரத்தில் வந்துவிடும், காதும் காதும் வைத்ததுபோல் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார். பெடலுக்குக் கீழே ஒரு அட்டைத் துண்டை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் துண்டில் நிறமில்லாத வட்டமாக ஈரம் ஊறியிருந்தது. அதை எடுத்து மூலையில் மற்ற அட்டைகள்மேல் போட்டார். எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று பார்ப்பதற்காக, பிரேக் ஆயில் டப்பாவை விளிம்பு வரை நிரப்பி மூடினார். நிதானமான மனிதர். நிதானம்தான் கழுத்தை அறுத்தது.

கை கழுவிவிட்டுத் திரும்பினால், வாசலில் மச்சான் வந்து இறங்குகிறான். பேருந்தில் வந்திருந்தான். கையில் ஒரு பையைத் தவிர வேறு எதுவும் இல்லை. மாமனார் மலர்ந்த முகத்தோடு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மகனோடு ஷெட்டுக்கு வந்தார். மகனுக்குப் போன் செய்து காரின் பெருமையை அளந்திருக்கிறார். மகன் ஊரில் பழைய கார்களுக்கு ஒரு கண்காட்சி. பெரிய மனிதர்கள் வருவார்களாம். பூந்தொட்டி வைக்கச் சொன்னவனுக்கு இப்போது கார்மேல் காதல் வந்துவிட்டது.

"மாப்பிள்ளே, பையன் ஆசைப்பட்டுக் கேக்கறான். எப்படி இல்லைன்னு சொல்றது? வண்டி எங்கேயும் போகலையே, நம்ம வீட்டுலதானே இருக்கப்போகுது?"

நம்ம வீடு என்பதற்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அத்தான் வேலையில ஒரு குறையும் இல்லப்பா" என்று மச்சான் தோளில் தட்டினான். "சும்மா சொல்லக்கூடாது, பளபளன்னு இருக்கு. வாங்கப்பா, பெரிய ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து அப்புறம் கிளம்பறேன்."

"வண்டியை எடுக்க வேண்டாம்" என்றார் கண்ணாடிக்காரர். "பிரேக் ஒழுகுது."

மச்சான் மெதுவாகச் சிரித்தான்.

"நேத்து வரைக்கும் ஒழுகலை, நான் வந்ததும் ஒழுகுதா?"

"ஒரு சொட்டுகூட இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மாமனார்.

"அப்புறம்தான் பார்த்தேன் மாமா. இங்க பாருங்க, பெயின்ட் உப்பியிருக்கு."

"உங்க பெயின்ட் வேலை அவ்வளவுதான் போல." மச்சான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை இரண்டு மிதி மிதித்தான். "கல்லு மாதிரி இருக்கு. அப்பா, நீங்களே மிதிச்சுப் பாருங்க."

டப்பாவை நிரப்பிவைத்தது யார்? கல்லு மாதிரித்தான் இருக்கும். "அது நான் காலையில ஆயில் ஊத்தினதால. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க, உள்ள போகும்" என்று கெஞ்சினார் கண்ணாடிக்காரர். குரல் உடைந்தது. உடைந்த குரலை வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொள்வது அங்கே யாருக்கும் கஷ்டமாக இல்லை. மூலையில் கிடந்த அட்டைத் துண்டு அந்த நேரம் பார்த்து அவருக்கு நினைவுக்கு வரவில்லை. சிலருடைய தலையெழுத்து அப்படி.

"விடுங்க அத்தான். வேணும்னா வேணும்னு நேரா கேளுங்க, இப்படிப் பயமுறுத்தாதீங்க." மச்சான் திரும்பி அக்காவைப் பார்த்தான். "அக்கா, நீயும் வா. எத்தனை வருஷமாச்சு இதுல போய்."

மாமனார் முன்னால் ஏறினார். கண்ணாடிக்காரர் மனைவியிடம், "நீ ஏறாதே" என்றார். அவள் தயங்கி நின்றாள். அப்பா ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்தப் பார்வை போதும், பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மச்சான் சாவியைப் போட்டான். பழைய இன்ஜின், ஒரே தடவையில் பிடிக்காது, செருமியது. அந்த இடைவெளியில் கண்ணாடிக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தார். நாசமாய்ப் போகட்டும் என்று விட்டிருந்தால் யார் அவரைக் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவருக்கு அது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு கணம் தோன்றியது. தலைக்கு மேலே தகரத்துக்கு அந்தப்பக்கம் மனைவியின் கால் மாற்றி வைத்த சத்தம் கேட்டது. ஆயில் இல்லாத இன்ஜினை யாரும் ஓட்டத் துணியமாட்டார்கள். அடித்தட்டின் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். அளவாக முடுக்கிய நட்டு, முரண்டு பிடிக்காமல் கழன்றது. கறுப்பு ஆயில் மணிக்கட்டில் கொட்டி, சட்டைக்குள் வழிந்து, தேய்த்துத் தேய்த்து வெளுத்த தரை முழுக்கப் பரவியது.

"அப்பா, ஆயிலைத் திறந்துவிட்டுட்டாரு!" என்று கத்திக்கொண்டு மச்சான் இறங்கினான்.

கண்ணாடிக்காரர் தலைமுதல் கால்வரை எண்ணெயோடு வெளியே வந்தார். நட்டு சட்டைப்பையில் இருந்தது. "தர மாட்டேன். வண்டி உங்களுக்குத்தான். இழுத்துக்கிட்டுப் போங்க. ஓட்டிக்கிட்டுப் போக விடமாட்டேன்."

மாமனார் காரைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றார். கத்தவில்லை. "நீ இவ்வளவுதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். அத்தனை வருஷமாக நீங்கள் என்று அழைத்த வாய். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மனைவி எண்ணெயில் கால் படாமல் மறுபக்கமாக இறங்கி, செருப்பைச் சாக்கில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் கார் தூக்குகிற லாரி வந்தது. மச்சான் போகும்போது அத்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. லாரியின் முதுகில் உருண்டை விளக்குகள் பின்னால் பார்த்தபடி சரிவில் இறங்கிப் பெரிய சாலையில் திரும்பும்வரை கண்ணாடிக்காரர் நின்று பார்த்தார். பிறகு தரையில் மரத்தூளைக் கொட்டினார். போதவில்லை. மூலையில் இருந்த அட்டைகளை எல்லாம் அள்ளி எண்ணெய்மேல் பரப்பி, மிதித்து ஒற்றி எடுத்தார். வேறு எதையும் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

சில நாள் கழித்து, சாப்பிடும் நேரத்தில் மகனிடமிருந்து போன் வந்தது. மாமனார் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் இறுகிக்கொண்டே போனது. வைத்துவிட்டு, மருமகனைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்.

"அங்க மெக்கானிக் பாத்திருக்கான். பெடல் அப்படியே தரைக்குப் போகுதாம். பிரேக் ஆயில் மொத்தமா காலி. ரோட்டுல எடுத்திருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீங்கன்னு சொன்னானாம்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். அப்பாடா என்று இருந்தது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

"ஆயிலை மட்டும் திறந்துவிடலை உன் புருஷன்" என்று முடித்தார் மாமனார். "பிரேக்குலயும் கை வச்சிருக்கான்."

அவர் எழுந்து போய்விட்டார். மேசையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மனைவி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். "பிரேக்கும் நீங்கதானா?"

"நான்தான் முதல்லயே சொன்னேனே. அது தானா ஒழுகுச்சு. அட்டையில ஈரம் பட்டிருந்தது, எடுத்து வச்சிருக்கேன்."

"காட்டுங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவள் இன்னும் நம்பத் தயாராக இருந்தாள். இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போனார்கள். விளக்கைப் போட்டார். கார் இல்லாத ஷெட்டு பெரிதாக இருந்தது. மூலையில் அவர் ஒற்றியெடுத்துக் குவித்த அட்டைகள் கிடந்தன. உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பிரித்தார். ஒட்டிக்கொண்டு கிழிந்தன. கிழிந்ததைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பச்சை, கறுப்பு, நிறமில்லாதது என்று எந்த வித்தியாசமும் இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு.

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள், கடைசி அட்டை வரை பொறுமையாக.

"சோறு ஆறிப்போச்சு" என்றாள். "வரும்போது செருப்பை நல்லா தேய்ச்சுட்டு வாங்க."